வாடகைக் காற்று

அக்கா: இந்தக் காத்தடிக்கிற கம்ப்ரஸர் சத்தம் போடும்.

தம்பி: போடட்டுமே. இந்த வீட்ல சத்தம் போடுற உரிமையை உனக்கு மட்டும் எழுதிக் குடுத்திருக்கா?

அக்கா: டேய், நான் முகம் வரையுற இடம் இது. கண் இமை போடும்போது கை அசையக் கூடாது. அந்தக் கம்ப்ரஸர் ஓட ஆரம்பிச்சா தரையே உதறுது.

தம்பி: அடியில ரப்பர் வச்சிருக்கேன்ல.

அக்கா: ரப்பரா அது? என் செருப்பை வெட்டி வச்சிருக்க.

தம்பி: பழைய செருப்பு.

அக்கா: நேத்து வரைக்கும் போட்டுட்டுத்தான் இருந்தேன்.

தம்பி: அப்ப நல்ல ரப்பர்தான்.

அக்கா: சிலிண்டரைப் பாரு. மூலையில நிக்குது. வாயைத் திறக்கல. வால்வைத் திருப்பினா காத்து, மூடினா நிம்மதி. இந்த வீட்டு ஆம்பளைங்கள்லயே அது ஒண்ணுதான் ஒழுங்கு.

தம்பி: வீட்ல ஆம்பளைன்னு நான் ஒருத்தன்தான் இருக்கேன்.

அக்கா: தெரிஞ்சுதான் சொல்றேன்.

தம்பி: அக்கா, கொஞ்சம் யோசி. நான் துணிக்கடைப் பொம்மைக்கு உடம்பு வார்க்கிறேன், நீ முகத்துக்குப் பெயிண்ட் அடிக்கிற. அந்தப் பெயிண்டைத் தள்ளக் கொஞ்சம் காத்து வேணும். அவ்வளவுதானே? ஊரெல்லாம் சும்மா கிடக்குற காத்து. அதை எவனோ இரும்புக் குழாய்ல அடைச்சுக் கொண்டு வந்து வாடகைக்கு விடுறான். நாமளும் வாங்கி மூலையில நிக்க வச்சுக் கும்பிடுறோம். வெளிய தெரிஞ்சா சிரிப்பாங்க.

அக்கா: சும்மா கிடக்குற காத்துல ஈரம் இருக்கு. சிலிண்டர்ல வர்றது காய்ஞ்ச கேஸ். உனக்கு எங்க அதெல்லாம் தெரியப் போகுது? உடம்புல மேடுபள்ளம் இருந்தா சட்டையைப் போட்டு மூடிடுவாங்க. முகத்துல ஒரு சொட்டுத் தண்ணி விழுந்தா எல்லாம் போச்சு. அந்தக் கல்யாணப் பொண்ணு பொம்மையைப் போய்ப் பாரு. கன்னத்துக்கு ரோஸ் அடிச்சேன். உன் கம்ப்ரஸர் தண்ணியைத் துப்பி, கண்ணுல இருந்து கழுத்து வரைக்கும் மை ஒழுகி நிக்குது.

தம்பி: கல்யாணப் பொண்ணு அழுறது உலகத்துல புதுசா?

அக்கா: சிரிச்ச முகம் கேட்டுத்தான் ஆர்டர் குடுத்தாங்க.

தம்பி: மாப்பிள்ளையைப் பாத்திருப்பா.

அக்கா: பேசு பேசு. ஒரு வாரம் ஓட்டிப் பாக்கலாம்னுதானே கொண்டு வந்த? ஓட்டிப் பாத்தாச்சு. துப்புது. திருப்பிக் குடு.

தம்பி: அது கூட ஒரு கண்ணாடிக் கப்பு வந்துச்சே... காத்துல இருக்குற தண்ணியை அதுதான் பிடிச்சு வைக்கும். காத்துப் போற ஹோஸுக்கு நடுவுல நானே மாட்டினேன். அது எங்க?

அக்கா: எந்தக் கப்பு?

தம்பி: கட்டைவிரல் உயரம் இருக்கும்.

அக்கா: நான் பாக்கல.

தம்பி: குழந்தை பொம்மைக் கையெல்லாம் போட்டு வைப்பியே ஒரு டப்பா... அதுக்கு அடியில இப்பதான் கிடைச்சுது.

அக்கா: எலி இழுத்துட்டுப் போயிருக்கும்.

தம்பி: துணி சுத்தி, ரப்பர் பேண்ட் போட்டு இருந்துச்சு அக்கா.

அக்கா: நம்ம வீட்டு எலி. வளர்ப்பு அப்படி.

தம்பி: கப்பைக் கழட்டி ஒளிச்சு வச்சுட்டு, துப்புது துப்புதுன்னா... பாவம், அது என்ன பண்ணும்?

அக்கா: சரி, தண்ணியை விடு. சத்தத்துக்கு என்ன சொல்ற? மாடியில டியூஷன் டீச்சர் இருக்காங்க. பிள்ளைங்க படிக்க வேணாமா?

தம்பி: அவங்ககிட்டக் கேட்டுட்டுத்தான் வந்தேன்.

அக்கா: கேட்டியா? என்ன சொன்னாங்க? ஒத்துக்க மாட்டாங்களே.

தம்பி: கம்ப்ரஸர் சத்தம் பரவால்லயாம். பிள்ளைங்க போடுற சத்தம் கொஞ்சம் அமுங்குதாம். அவங்களுக்கு வேற ஒரு சத்தம்தான் பயமா இருக்காம்.

அக்கா: வேற என்ன சத்தம்?

தம்பி: "தம்பி, உங்க பட்டறை ஜன்னல் பக்கம் பாம்பு கீம்பு இருக்கா?"ன்னு கேட்டாங்க. நான் வெளிய போனதும் ஸ்ஸ்ஸ்னு ஒரு சத்தம் கேக்குதாம். ரொம்ப நேரம் வருதாம். நான் திரும்பி வந்தா நின்னுடுதாம். நேரம் பாத்துச் சீறுற பாம்பை நான் கேள்விப்பட்டதே இல்ல.

அக்கா: மழை சீசன். வரும்.

தம்பி: மழை வந்து மாசக் கணக்காச்சு.

அக்கா: அதான் தண்ணி தேடி வந்திருக்கும்.

தம்பி: அக்கா, முன்னெல்லாம் ஒரு சிலிண்டர் மாசம் முழுக்க வரும். இப்ப வாரத்துக்கு ஒண்ணு போதல. எங்க போகுது?

அக்கா: எங்க போகும்? முகத்துக்குத்தான். வேலை கூடிடுச்சு.

தம்பி: இந்த மாசம் என்ன ஆர்டர்?

அக்கா: ஜவுளிக்கடை ஆர்டர்.

தம்பி: என்ன மாதிரிப் பொம்மை?

அக்கா: நிக்குற பொம்மை.

தம்பி: நிக்குறது சரி. கழுத்துக்கு மேல என்ன இருக்கு? சொல்லு அக்கா. நான்தானே வார்த்தேன். கழுத்தோட நிறுத்தச் சொன்னாங்க. இப்ப அதுதான் ஃபேஷனாம். அந்த வரிசையைப் பாரு, ஒருத்திக்காவது தலை இருக்கா? தலையே இல்லாத பொம்மைக்கு முகம் எங்க வரைஞ்ச?

அக்கா: கையில நகம் இருக்கு. நகத்துக்கு அடிச்சேன்.

தம்பி: நாலு சிலிண்டர் நகத்துக்கா?

அக்கா: நகத்துக்கு ரெண்டு கோட்டிங் அடிச்சாத்தான் நிக்கும்.

தம்பி: பெயிண்ட் டப்பா அப்படியே இருக்கு, கேஸ் மட்டும் காலி. வெறும் காத்தை நகத்துல ஊதினியா? சூடா இருந்துச்சா அவளுக்கு?

அக்கா: அப்ப லீக் ஆகுது. சிலிண்டர்னா லீக் இருக்கத்தான் செய்யும்.

தம்பி: சோப்புத் தண்ணி தடவிப் பாத்துட்டேன். வால்வுல, ரெகுலேட்டர்ல, ஹோஸ்ல... எங்கயும் ஒரு நுரை வரல. லீக் ஆகல அக்கா. யாரோ ஹோஸை ஜன்னலுக்கு வெளிய நீட்டித் திறந்து விடுறாங்க.

அக்கா: டியூஷன் பசங்களா இருக்கும்.

தம்பி: நான் சிரிக்கல இப்போ. ஒரு நாள் ஜன்னலைச் சாத்திட்டு கேஸைத் திறந்திருந்தன்னு வை... சின்ன ரூம் இது. அந்தக் கேஸ்ல மூச்சு விட ஒண்ணுமே கிடையாது. வாசம் கூட வராது. விழுந்து கிடந்திருப்ப. நான் வந்து பாத்தா, பொம்மை எது, நீ எதுன்னு தேடியிருக்கணும். அதை நினைச்சு ரெண்டு ராத்திரி நான் தூங்கல, தெரியுமா?

அக்கா: ஜன்னல் திறந்துதான்டா இருந்துச்சு.

தம்பி: அப்ப நீதான். எதுக்கு?

அக்கா: பழைய கேஸ்ல கலர் மங்கிடுது. அதான், அப்பப்ப புதுசு மாத்தினா...

தம்பி: கேஸ் என்ன பாலா, திரிஞ்சு போக?

அக்கா: உனக்கு இதெல்லாம் புரியாது. விடு.

தம்பி: விட்டுடுறேன். இன்னொண்ணு கேக்கணும். இந்த ஆர்டருக்கு முன்னாடி வார்த்தோமே ஆம்பளைப் பொம்மைங்க, தலை இருந்த காலத்துல... ஜவுளிக்கடை முதலாளி போன் பண்ணார்.

அக்கா: பணம் குடுக்குறாரா?

தம்பி: பாராட்டுறார். "உங்க அக்கா கையில ஏதோ இருக்கு தம்பி, கண்ணாடிக்குள்ள நிக்குறது உசுரோட இருக்குற மாதிரியே இருக்கு"ன்னார். சரி, போய்ப் பாப்போம்னு போனேன்.

அக்கா: கடைக்கா போன? எதுக்கு?

தம்பி: பாக்கத்தான். ஆறு பேர் வரிசையா நிக்குறாங்க. ஒருத்தர் கோட்டு சூட்டு. ஒருத்தர் மழைக் கோட்டு. ஒருத்தர் கோடு போட்ட நைட் டிரெஸ்ஸு. ஒருத்தர் வெறும் பனியனோட, பாவம். ஆறு பேருக்கும் இடது புருவத்துல ஒரு சின்ன வெட்டு.

அக்கா: அது... ஸ்டைல்.

தம்பி: ஆறு பேருக்கும் ஒரே மூக்கு, லேசா வலது பக்கம் சாய்ஞ்சிருக்கு.

அக்கா: அச்சு அப்படி.

தம்பி: அச்சு நான் பண்ணது. நான் வார்த்த மூக்கு நேரா இருந்துச்சு. நீ நிழல் அடிச்சுச் சாய்ச்சிருக்க.

அக்கா: இப்ப என்ன சொல்ல வர்ற?

தம்பி: ஒண்ணுமில்ல. நம்ம சிலிண்டர்காரருக்கு அதே முகத்துல ஆறு தம்பிங்க இருக்காங்கன்னு இத்தனை நாள் எனக்குத் தெரியல. அதுல ஒருத்தர் பனியனோட நடுத்தெருவைப் பாத்து நிக்குறார்.

அக்கா: சத்தமாப் பேசாத!

தம்பி: இப்ப சத்தம் யாரு போடுறா?

அக்கா: உன் பொண்டாட்டிக்குத் தெரியுமா?

தம்பி: கடைக்கு அவளும் வந்தா, அவதான் முதல்ல கண்டுபிடிச்சா. எனக்கெல்லாம் முகத்தைப் பாத்து ஆளை அடையாளம் தெரியாது. தோள்பட்டையைப் பாத்தாத்தான் தெரியும்.

அக்கா: தெரியும்டா. அதான் விஷயமே.

தம்பி: எது?

அக்கா: பொம்மையைப் பாக்குறவங்க எல்லாம் சட்டையைப் பாக்குறாங்க. கடைக்காரர் சட்டை எப்படி விழுதுன்னு பாக்குறார். நீ தோளைப் பாக்குற. இத்தனை வருஷம் எத்தனை முகம் வரைஞ்சிருக்கேன்... ஒருத்தர், ஒரே ஒருத்தர், சிலிண்டரை மூலையில நிறுத்திட்டு, ரெகுலேட்டரை மாட்டிட்டு, கையைத் துடைச்சுக்கிட்டே நின்னு பாத்தார். "இந்தம்மா ஏதோ சொல்ல வந்து நிறுத்தின மாதிரி இருக்காங்க"ன்னார். நான் அப்படித்தான்டா வரைஞ்சிருந்தேன். சொல்ல வந்து நிறுத்தின மாதிரிதான். அடுத்த தடவை வரும்போது வேற ஒரு முகத்தை எடுத்து முன்னாடி வச்சேன். அதையும் பாத்தார். ஒரு டம்ளர் தண்ணி குடிக்கிற நேரம். அவ்வளவுதான் இருப்பார். மாசத்துக்கு ஒரு டம்ளர் தண்ணி.

தம்பி: அதை வாரத்துக்கு ஒண்ணா ஆக்க என் கேஸை ஜன்னல்ல விட்ட.

அக்கா: ஆமா. விட்டேன். அவர் வர்றது எனக்குப் பிடிச்சிருக்கு. போதுமா? இந்த வயசுல ஒருத்தர் வர்ற வண்டிச் சத்தம் கேட்டா தலையைச் சீவிக்கத் தோணுது. இனிமே நல்லா சிரி.

தம்பி: நான் சிரிக்கல அக்கா.

அக்கா: வாயைக் கடிச்சுக்கிட்டு நிக்குற.

தம்பி: அது வேற விஷயம். வாயைத் திறந்து ஒரு வார்த்தை அவர்கிட்டப் பேசியிருக்கலாமே.

அக்கா: என்னன்னு பேசுறது? "கேஸ் எப்படி இருக்கு?"ன்னா? எனக்கு முகத்தை வரையத்தான் தெரியும். முகத்தைப் பாத்துப் பேசத் தெரியாது. இப்ப நீ கம்ப்ரஸர் வாங்கிட்டா சிலிண்டர் போயிடும். சிலிண்டர் போயிட்டா அவர் எதுக்குடா இந்தத் தெருவுக்கு வரப் போறார்? அதான் சொல்றேன், திருப்பிக் குடு.

தம்பி: முடியாது.

அக்கா: இவ்வளவு சொன்னப்புறமுமா?

தம்பி: வாங்குறேன்னு வாக்குக் குடுத்துட்டேன்.

அக்கா: அக்காவை விட அந்த இரும்புதான் முக்கியமாப் போச்சா உனக்கு? நல்லா இரு. நாளையில இருந்து அதுக்கே சாப்பாடு போடு. என்னை அக்கான்னு கூப்பிடாத, அதைக் கூப்பிடு.

தம்பி: அதுவும் உன்னை மாதிரிதான் அக்கா. அடிச்சு முடிச்சு உள்ள நிரம்பினதும் தானா நின்னுடும்... நீதான் நிக்குறதே இல்ல. சரி, இதுக்குப் பதில் சொல்லு. நான் பெரிய சிலிண்டர்தானே கேட்டு எழுதியிருக்கேன்? வர்றதெல்லாம் ஏன் சின்னதா இருக்கு?

அக்கா: பெருசு ஸ்டாக் இல்லையாம். அவர்தான் சொன்னார்.

தம்பி: என்கிட்டயும் அதான் சொன்னார். கேஸ் கம்பெனிக்குப் போன் பண்ணேன். குடோன்ல பெருசு வைக்க இடமில்லாம வெளிய அடுக்கி வச்சிருக்காங்களாம். "உங்களுக்குச் சின்னதே போதும்னு எங்க ஆள் சொன்னாரே, நாங்க என்ன பண்றது?"ன்னாங்க.

அக்கா: சின்னதா...?

தம்பி: சின்னதுன்னா சீக்கிரம் தீரும். சீக்கிரம் தீர்ந்தா அடிக்கடி வரலாம். அவர் சின்னதாப் பாத்துக் கொண்டு வர்றார். நீ அதையும் ஜன்னல்ல திறந்து விடுற. நடுவுல நான் ஒரு மடையன், காத்து எங்க போகுதுன்னு சோப்பு நுரையோட உக்காந்திருக்கேன்.

அக்கா: அவரும்... அவரா அப்படி...?

தம்பி: மூக்குல பெயிண்ட் இருக்கு. துடைச்சுக்க.

அக்கா: டேய், நிஜமாவா சொல்ற? இல்ல வாயைக் கிண்டுறியா?

தம்பி: போன் நம்பர் தரவா? நீயே கேளு.

அக்கா: அப்ப அவருக்கும் வரணும்னு இருக்குன்னா... நீ எதுக்குடா இந்தச் சனியனை வாங்குற? வர்றவரை வராதன்னு சொல்ற மாதிரிதானே இது?

தம்பி: அதை என்கிட்டக் கேக்காத.

அக்கா: வேற யார்கிட்டக் கேக்குறது? கம்ப்ரஸர்கிட்டயா... இரு. இரு, பேசாத.

தம்பி: என்ன?

அக்கா: வண்டி.

தம்பி: எந்த வண்டி? எனக்கு ஒண்ணும் கேக்கல.

அக்கா: தெருமுனையில திரும்புது. அவர் வண்டிதான், திரும்பும்போது ரெண்டு தடவை இருமும்.

தம்பி: கம்ப்ரஸர் சத்தம் தாங்காத காது, இதை மட்டும் முனையிலயே பிடிச்சுடுது.

அக்கா: இன்னிக்கு அவர் வர்ற நாள் இல்லையே... சிலிண்டர் இடிக்கிற சத்தமும் இல்ல. வெறும் வண்டி. டேய், சிலிண்டரை எடுத்துட்டுப் போகச் சொல்லிட்டியா? என்னை ஒரு வார்த்தை கேக்காமலே?

தம்பி: அக்கா...

அக்கா: பேசாத. அந்த நாலு பேரை முதல்ல திருப்பு!

தம்பி: எந்த நாலு பேரை?

அக்கா: போன லாட்ல மிச்சம் நின்ன ஆம்பளைங்கடா! புருவத்துக்குக் காலையிலதான் வெட்டுப் போட்டேன். முகத்தைச் சுவத்துப் பக்கம் திருப்பு. சீக்கிரம்!

தம்பி: இன்னும் நாலா? ஊரையே நிரப்பப் போறியா?

அக்கா: தலையைப் பிடிக்காத, ஈரம்! இடுப்பைப் பிடி!

தம்பி: அவர்னு நினைச்சா இடுப்பைப் பிடிக்கக் கூச்சமா இருக்கு.

அக்கா: உன்னைக் கொன்னுடுவேன்.

சிலிண்டர்காரர்: உள்ள வரலாமாங்க?

தம்பி: வாங்கண்ணே, வாங்க. உக்காருங்க. அந்த ஸ்டூல்ல வேணாம், பெயிண்ட்.

சிலிண்டர்காரர்: என்ன தம்பி... எல்லாரும் சுவத்தைப் பாத்து நிக்குறாங்க?

அக்கா: காயுது.

சிலிண்டர்காரர்: சுவத்துப் பக்கம் காத்து வராதேங்க?

தம்பி: தப்புப் பண்ணிட்டாங்கண்ணே. நிக்க வச்சிருக்கோம்.

அக்கா: உனக்கு வேலை இல்ல?

தம்பி: இருக்கு. பின்னாடி பிளாஸ்டர் கலக்கி வச்சிருக்கேன், இறுகிடும். அண்ணே, பேசிட்டு இருங்க. அண்ணேன்னு கூப்பிட்டே பழகிட்டேன்... இனிமே மாத்தணுமோ என்னமோ.

அக்கா: போடா! நீங்க உக்காருங்க. தண்ணி வேணுமா?

சிலிண்டர்காரர்: இல்லீங்க. இப்பதான் குடிச்சேன்.

அக்கா: ஓ. காலி சிலிண்டர் அந்த மூலையில இருக்கு. அதை எடுத்துட்டுப் போகத்தானே வந்தீங்க?

சிலிண்டர்காரர்: அதுக்குக் கம்பெனில இருந்து வேற ஆள் வருவாங்க.

அக்கா: அதுவும் முடிவு பண்ணியாச்சா. நல்லது. கம்ப்ரஸர் வந்தது உங்களுக்குத் தெரியும்தானே?

சிலிண்டர்காரர்: தெரியும். நல்லா ஓடுதுங்களா?

அக்கா: துப்புது. கத்துது. என் செருப்பு மேல ஏறி நின்னு ஆடுது. என் தம்பிக்குச் சுயபுத்தி கிடையாது, எவனோ நல்லாப் பேசி அவன் தலையில கட்டிட்டான். அந்த ஆள் மட்டும் என் கையில கிடைக்கட்டும்...

சிலிண்டர்காரர்: நான்தாங்க.

அக்கா: நீங்கதான் என்ன?

சிலிண்டர்காரர்: தலையில கட்டினது. அது எனக்குத் தெரிஞ்சவர் பட்டறைல கிடந்துச்சு. நான்தான் சுத்தம் பண்ணி, ஓட்டிப் பாத்து, தம்பிகிட்டக் குடுத்தேன். வாங்கியே ஆகணும்னு அவர்கிட்ட வாக்கும் வாங்கிட்டேன். உங்ககிட்டச் சொல்ல வேணாம்னும் நான்தான் சொன்னேன்.

அக்கா: நீங்களா? சிலிண்டர் கொண்டு வர்றவரே கம்ப்ரஸர் வாங்கச் சொன்னீங்களா? ஏன்... இங்க வர்றது அவ்வளவு பாரமாவா இருந்துச்சு?

சிலிண்டர்காரர்: ரெண்டு வாரம் முன்னாடி ஜவுளிக்கடைத் தெருவுல வண்டியை நிறுத்தினேங்க. கண்ணாடிக்குள்ள ஆறு பேர்.

அக்கா: ஐயோ...

சிலிண்டர்காரர்: சின்ன வயசுல ஒரு வால்வு தெறிச்சுப் புருவம் கிழிஞ்சது. அதுல இருந்து ஷேவ் பண்ற நேரம் தவிர நான் கண்ணாடி பாக்குறதில்ல. அந்த மூஞ்சிக்குக் கோட்டு மாட்டி, விளக்குப் போட்டு நிக்க வச்சிருக்காங்க. போறவங்க வர்றவங்க நின்னு பாக்குறாங்க. நானும் நின்னு பாத்தேன். ரொம்ப நேரம்.

அக்கா: அது... அச்சு அப்படி...

சிலிண்டர்காரர்: அப்புறம்தாங்க தைரியம் வந்து தம்பியைப் போய்ப் பாத்தேன்.

அக்கா: தைரியம் வந்துச்சுன்னா நேரா இங்க வர வேண்டியதுதானே? அதுக்கு எதுக்கு நடுவுல ஒரு கம்ப்ரஸர்?

சிலிண்டர்காரர்: சிலிண்டரோட வந்தா நான் சிலிண்டர்காரன். வந்தீங்களா, வச்சீங்களா, தண்ணி குடிச்சீங்களான்னு அனுப்பிடுவீங்க. நானும் போயிடுவேன். இத்தனை நாள் அப்படித்தானே போனேன்? கொண்டு வர ஒண்ணுமே இல்லாம, வெறுங்கையோட வந்து நின்னேன்னா... எதுக்கு வந்தேன்னு நீங்க கேட்டுத்தானே ஆகணும்? கேளுங்க.